ராவுத்தர் மகனோடு மலை ஏறியவன்

நன்னிலம்
8.11.1993

நாகநாதனுக்கு காதர் மைதீன் எழுதுவது.

நீயும் ஜெக்கரியாவும் ஆளுக்கொரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பாறைமேல் நிற்கிற போட்டோவை கமலவல்லி நேற்று கடைக்குக் கொண்டுவந்து காட்டினாள். உன் பெண்டாட்டிக்கு போட்டோ வந்திருக்கிறது. எனக்கு வரவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

"பாருங்கண்ணே, முப்பத்தொம்பது வயசுல இவருக்கு என்ன சவாரின்னு" என்று சிரித்தாள். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஒரே வீலுக்கு மூன்று தடவை பெண்டு எடுத்தேன். வேலைக்காரன் வேடிக்கை பார்த்தான்.

நான் வியாபாரி, சுற்றி வளைக்கத் தெரியாது. ஜில்லாவுக்கு வெளியே அரிசி போகக் கூடாதென்று சர்க்கார் தடை போட்ட வருஷங்களில், சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டிக்கொண்டு கொள்ளிடக் கரையில் உன்னோடு ஓட்டியவன் யார்? போலீஸ் ஜீப்பைப் பார்த்து நீ மூட்டையோடு நாணலுக்குள் விழுந்தபோது உன்னை முன் பாரில் உட்காரவைத்து வீடு சேர்த்தவன் யார்? ராவுத்தர் மகன் அப்போது தொட்டிலில் கிடந்திருப்பான்.

அவன் யாருடைய மகன் என்பதாவது நினைவிருக்கிறதா? நீ பயிர் வைத்திருக்கிற ஐந்து மா நிலமும் அவன் அத்தாவுடையது. உன் அப்பா காலத்திலிருந்து குத்தகை, பதிவும் உன் பேரில். அந்தக் குத்தகையைத்தான் உடைக்கப் பார்க்கிறார் பெரிய ராவுத்தர். குத்தகைக்காரன் ஐந்து வருஷமாக மஸ்கட் பக்கம் இருக்கிறான், சொந்தமாகச் சாகுபடி செய்யவில்லை, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று ரெவினியூ கோர்ட்டில் மனு. பிப்ரவரியில் வாய்தா. இங்கே கமலவல்லி முழங்கால் சேற்றில் நின்று நடவு பார்க்கிறாள். அங்கே நீ மனு போட்டவர் மகனோடு மலை ஏறுகிறாய். எதற்காவது அவன் கையெழுத்துக் கேட்டால் எனக்கு எழுதாமல் போட்டுவிடாதே.

இன்னொன்று. போட்டோவில் உன் சைக்கிள் டயர் இரண்டும் சப்பையாக இருக்கிறது. அவனுக்கு சைக்கிளைப் பற்றி என்ன தெரியும்? காற்றைக் கல் மாதிரி அடி. சுண்டினால் டங்கென்று சத்தம் வர வேண்டும்.

காதர்


நிஸ்வா, ஓமன்
21.11.1993

காதரு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கேம்பில் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற பஞ்சாபிக்காரர் ஊரில் குழந்தை பிறந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை, ஊரில் ஒருத்தனுக்கு வயிறு எரிகிறது என்றேன்.

போட்டோ ஒரு பிரதிதான் இருந்தது. அதை உனக்கு அனுப்பிவிட்டு கமலவல்லிக்கு என்ன பதில் சொல்வேன்?

ஜெக்கரியா எங்கள் கம்பெனி ஸ்டோரில் சூப்பர்வைசர். நான் டீசல் பம்பு பார்க்கிறவன். ஊரில் என்றால் அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். இங்கே அவன் என்னை அண்ணே என்கிறான். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருத்தர் இரண்டு மலை சைக்கிளை இவனிடம் விட்டுப் போனார். ஓட்டத் துணை தேடியவனுக்கு நான் கிடைத்தேன். இதில் கையெழுத்தும் இல்லை, காகிதமும் இல்லை.

நம் ஊரில் ஒரு கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் ரயில் தண்டவாளத்துக்குத்தான் போக வேண்டும். இங்கே கல்லைத் தவிர ஒன்றும் இல்லை. தலை அளவு கல், பானை அளவு கல், வறுகடலை மாதிரி காலுக்கடியில் உருளுகிற பொடிக்கல். நடுவில் ஆடு நடந்து நடந்து விழுந்த ஒற்றைத் தடம். அதில்தான் ஓட்டம். இருபத்தொரு கியர். சின்ன கியரில் போட்டால் கால் பத்து சுற்று சுற்றும், சைக்கிள் ஒரு முழம் நகரும். மூச்சு காது வழியாக வருகிறது. உச்சியில் இறங்கி நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பச்சை கிடையாது. ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது, ஏனென்று கேட்காதே. அங்கே எவனும் என்னைக் குத்தகைக்காரன் என்று பார்ப்பதில்லை. பார்க்கவும் ஆள் இல்லை.

டிசம்பர் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை பெரிய சவாரி. கேம்பிலிருந்து கணவாய் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வாடி என்கிற காய்ந்த ஆற்றைப் பிடித்துச் சுற்றி வர வேண்டும். முப்பத்துநாலு கிலோமீட்டர். டயரில் காற்றைக் குறைக்கச் சொல்கிறான் ஜெக்கரியா. "கல்லை டயரு கட்டிப் புடிக்கணும்ணே, இல்லாட்டி தூக்கி அடிச்சிரும்" என்கிறான். எங்க காதர் இதைக் கேட்டால் கடையைப் பூட்டிவிட்டு அழுவான் என்றேன். பயப்படாதே. காற்று உன் சொல்படிதான் அடிப்பேன்.

நாகு


நன்னிலம்
1.12.1993

நாகநாதனுக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் உன் சவாரி முடிந்திருக்கும். காற்று விஷயத்தில் என் பேச்சைக் கேட்டாயே, அந்த மட்டில் சந்தோஷம். முப்பது வருஷமாகப் பஞ்சர் ஒட்டுகிறவன் சொல்கிறேன். டயர் கட்டிப் பிடிக்குமாம். டயர் என்ன கொழுந்தியாளா?

உன் கடிதத்தை மெஹராஜ் பேகத்திடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பையன் பேச்சு பாதி லெட்டருக்கு வருது, உங்க பேரு ரெண்டு தடவைதான் வருது" என்றாள். நான் எண்ணவில்லை. அவள் எண்ணியிருக்கிறாள். பெண்டாட்டி என்று எதற்குக் கட்டுகிறோம் என்று சில நேரம் தெரியவில்லை.

நேற்று ராவுத்தர் மாமா வீட்டுக்கு ஒரு கைப்பம்பு கொடுக்கப் போனேன். பேச்சுவாக்கில், "மாமா, அங்க உங்க மகன் யாரோட சுத்துறார்னு கொஞ்சம் விசாரிங்க" என்று சொல்லிவைத்தேன். அவர் பார்த்துக்கொள்வார். உன் நல்லதுக்குத்தான் செய்தேன். இனி அந்தப் பையன் உன் பக்கம் வரமாட்டான். நீயும் மாட்டிக்கொள்ள மாட்டாய்.

மழை பிடித்திருக்கிறது. புயல் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். கமலவல்லி வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துக்கொண்டிருக்கிறாள். நான் இரண்டு ஆளை அனுப்பியிருக்கிறேன்.

காதர்


நிஸ்வா
10.12.1993

காதருக்கு நாகநாதன் சொல்ல, ஜெக்கரியா எழுதுவது.

மூன்றாம் தேதி சவாரியில் விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டு முறிவு. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், ஆறு வாரம். அதனால்தான் கையெழுத்து வேறு. கமலவல்லியிடம் சுளுக்கு என்று மட்டும் சொல். போன் போட்டால் குரலில் கண்டுபிடித்துவிடுவாள்.

ஏற்றம் நன்றாகத்தான் போனது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஒன்பது மணிக்குள் வெயில் தோளில் உட்கார்ந்துவிட்டது. கணவாய்க்கு முன்னால் ஒரு பாறைத் தளம், தார்ப்பாய் விரித்த மாதிரி சாய்ந்து கிடக்கும். போன தடவை இறங்கித் தள்ளின இடம். இந்தத் தடவை இறங்கவில்லை. தொடை நடுங்க நடுங்க மிதித்து ஏறிவிட்டேன். மேலே போனதும் ஜெக்கரியா என் முதுகில் அடித்து, "அண்ணே, ஊருல சொன்னா நம்பமாட்டாங்க" என்றான். (என்னைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. அண்ணன் விடவில்லை. — ஜெ.)

இறக்கத்தில்தான் வினை. ஒரு பக்கம் மலைச் சுவர், ஒரு பக்கம் பள்ளம், நடுவில் கையகலத் தடம். ஜெக்கரியாவின் டயர் கல்லுக்குக் கல் அமுங்கி அமுங்கி, பூனை இறங்குகிற மாதிரி இறங்கிப் போய்விட்டது. என் டயர் ஒவ்வொரு கல்லுக்கும் பந்து மாதிரி துள்ளியது. பிரேக்கைப் பிடித்தால் வழுக்கியது, விட்டால் பறந்தது. மூன்றாவது வளைவில் சைக்கிள் ஒரு திசை, நான் ஒரு திசை. நல்லவேளையாக மலைச் சுவர்ப் பக்கம் விழுந்தேன்.

காற்று அதிகம். அவ்வளவுதான் காரணம்.

என் சைக்கிளை அங்கேயே பாறை மறைவில் போட்டுவிட்டோம். ஜெக்கரியா தன் பனியனைக் கிழித்துக் கையைக் கட்டினான். ஆற்றுப்படுகை வரை தோளைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தான். அதற்கப்புறம் பதினோரு கிலோமீட்டர் என்னை முன் பாரில் உட்காரவைத்து மிதித்தான். தண்ணீர் ஒரு பாட்டில்தான் மிச்சம். அதையும் எனக்கே கொடுத்தான். (இது பொய். நானும் குடித்தேன். — ஜெ.)

என் போன கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. சிரிப்பாக ஏதாவது எழுதியிருப்பாய் என்று காத்திருக்கிறேன்.

நாகநாதன்


நன்னிலம்
24.12.1993

நாகு,

உன் பேச்சை அவன் கையெழுத்தில் படித்தேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. படித்தவன் அல்லவா.

முதலில் டயர். உன் கடிதத்தை நான் நம்பவில்லை. வியாபாரத்தில் சரக்கைச் சோதிக்காமல் குறை ஒத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஜல்லி மேடு இருக்கிறதே, அதன்மேல் கல் மாதிரி காற்றடித்து ஏறினேன். நாலடி போவதற்குள் தூக்கி எறிந்தது. முழங்கை சிராய்ப்பு. காற்றைப் பாதியாக இறக்கிவிட்டு மறுபடி ஏறினேன். நின்றது. மேடு முழுக்க ஓட்டிவிட்டுக் கீழே இறங்கினேன். ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து, "பாய், கடையில வியாபாரம் இல்லியா?" என்று கேட்டார்.

ஆகவே தப்பு என்னுடையது. மூட்டை ஏற்றி மண் ரோட்டில் ஓட்டினவனுக்குக் கல் மாதிரி காற்றுதான் தெரியும். எனக்குக் கல்லே தெரியாது. தெரியாத ஊருக்கு வைத்தியம் சொன்னேன். அவன் சொன்னது சரியாக இருந்துவிடக் கூடாது என்றுதான் அவ்வளவு அழுத்திச் சொன்னேன். ஆமாம், பொறாமைதான். பதினோரு கிலோமீட்டர் பாரில் வைத்து மிதித்தான் என்று படித்தபோது, கை முறிந்ததைவிட அது எனக்குப் பெரிதாக வலித்தது. இப்படி ஒரு பிறவி நான்.

இரண்டாவது, ராவுத்தர் மாமாவிடம் சொன்னது. போன கடிதத்தில் பாதிதான் எழுதினேன். மீதியை இப்போது எழுதுகிறேன். "குத்தகைக்காரன் உங்க மகனைக் கைக்குள்ள போட்டுக்கிட்டு, நெலத்தை எழுதி வாங்கப் பாக்குறான் மாமா" என்றும் சொன்னேன். மகனைப் பிரித்துக் கூப்பிட்டுக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். உன்னைத்தான் அப்படிச் சொன்னேன். சொல்லும்போது நாக்கு கூசவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் கூசியது.

புயலில் பயிர் கொஞ்சம் சாய்ந்தது. வெள்ளம் வடிந்துவிட்டது, கதிர் தப்பித்தது. கமலவல்லியிடம் சுளுக்கு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

காதர்


நிஸ்வா
9.1.1994

காதர்,

இடது கையால் எழுதுகிறேன். ஒரு வரிக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. ஜெக்கரியாவை எழுதச் சொல்ல முகமில்லை.

அவன் மூன்று மாசமாக அவன் அத்தாவுக்கு எழுதிக்கொண்டிருந்தான். கேஸ் வேண்டாம், ராஜிக்கு வாருங்கள், நிலத்தில் பாதியைக் குத்தகைக்காரருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் பாதியை நாம் எடுத்துக்கொள்வோம், ஊரில் எல்லாரும் அப்படித்தானே முடிக்கிறார்கள் என்று. அவர் நவம்பரில் சரி என்றுவிட்டார். எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லவில்லை. அவன்தான் கேட்டுக்கொண்டான். "காதர் அண்ணன்கிட்ட சொன்னா கடைத்தெருவுக்கே சொன்ன மாதிரி" என்றான். அவன் சொன்னது சரிதான்.

நீ போய் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்தாய். இப்போது அவர் மகனுக்கு எழுதியிருக்கிறார். ராஜி இல்லை. பாதி இல்லை, ஒரு குழி நிலம்கூட இல்லை. அறுப்புக்கு ஆள் இறங்கினால் தடுப்பேன் என்கிறார். அவனை நாலு கேள்வி கேட்டிருக்கிறார். அவன் கடிதத்தைக் காட்டிவிட்டு வெளியே போனான்.

கை சேர்ந்துவிடும். டயருக்காக உன்மேல் கோபம் இல்லை. என் அப்பா அந்த மண்ணில்தான் செத்தார். நான் இந்தக் கல்லில் கிடப்பதே அதை விட்டுவிடாமல் இருக்கத்தான். பதினேழு பேர் படுக்கிற ரூமில் ஐந்து வருஷம்.

உனக்கு என்ன வேண்டும் காதர்? நான் யாரோடும் பேசாமல் பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

நீயாக ஒன்றும் செய்யாதே என்று எழுத நினைத்தேன். ஆனால் அங்கே எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

நாகநாதன்


நன்னிலம்
28.1.1994

நாகு,

உன் கோணல் எழுத்தை நாலு தடவை படித்தேன். கடைசி வரியைத் தவிர மற்றது எல்லாம் எனக்கு வர வேண்டியதுதான்.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ராவுத்தர் மாமா வீட்டுக்குப் போனேன். சாய்வு நாற்காலியில் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"மாமா, அன்னைக்கு நான் சொன்னது பொய்."

"எதுடா?"

"நாகநாதன் உங்க மகனைக் கைக்குள்ள போட்டுக்கிட்டான்னு சொன்னது."

"அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. எதுடா நெசம்? அவன்கிட்ட எதுவும் வாங்கிட்டியா?"

"வாங்கலை மாமா. பொறாமையில சொன்னேன்."

"எவன் மேல?"

"உங்க மகன் மேல."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அவன்கிட்ட என்னடா இருக்கு நீ பொறாமைப்பட? ஒரு டிகிரி, ரெண்டு சைக்கிள்."

"என் கூட்டாளி இருக்கான் மாமா."

உள்ளே கமருன்னிஸா மாமி களுக்கென்று சிரித்துவிட்டார்கள். "நாப்பது வயசுல இதுக்கா சண்டை? தங்கச்சி பாப்பாவுக்குப் பால் கொடுத்தா மூத்தது இப்படித்தான் கிள்ளும்" என்றார்கள். மாமா சிரிக்கவில்லை. "வீட்டுக்குள்ள சொன்னா போதாது. நீ சொன்னதை நம்பி நான் என் மகனையே சந்தேகப்பட்டு எழுதிட்டேன். பள்ளிவாசல்ல நாலு பேருக்கு முன்னால சொல்லுவியா?" என்றார்.

கடைக்கு என் முதலே வார்த்தைதான் என்பது உனக்குத் தெரியும். மரத்தடியில் ஒரு பம்பும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்துப் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தவன் நான். காதர் சொன்னால் சரியாக இருக்கும் என்பதற்காகத்தான் திருவாரூர் மொத்தக் கடைக்காரர் பணம் கேட்காமல் ஒரு சீட்டைப் பார்த்துச் சரக்கு அனுப்புகிறார். அதே வாயால், காதர் சொன்னது பொய் என்று நானே சொல்ல வேண்டும். சொன்னேன். அஸர் தொழுகைக்குப் பிறகு, ஜமாத்தார் ஆறு பேர் முன்னால், காரணத்தையும் சேர்த்துச் சொன்னேன். ஒருத்தர் காது சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவையும் சொன்னேன். மறுநாள் கடைக்கு வந்த கருவாட்டு வியாபாரி மாரியப்பன், "பாய், என் மச்சான் வேற ஒருத்தனோட சேர்ந்து படகு வாங்கியிருக்கான், நீங்கதான் வந்து பிரிச்சு வுடணும்" என்றான். இன்னும் ஒரு வருஷத்துக்கு இதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

அடுத்த நாள் மாமா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இப்போது உட்காரச் சொன்னார். நான் அடங்கல் கணக்கின் நகலைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். இந்தப் பசலி வருஷத்திலும் சாகுபடி செய்வது கமலவல்லி என்று கணக்கப்பிள்ளை எழுதியிருக்கிறார். "கேஸை நடத்தினாலும் பத்து வருஷம் இழுக்கும் மாமா, சம்சாரம் சாகுபடி செஞ்சா குத்தகைக்காரன் செஞ்ச மாதிரின்னு வக்கீல் சொல்றார்" என்றேன். "மன்னிப்புக் கேக்க வந்தியா, பேரம் பேச வந்தியா?" என்றார். இரண்டுக்கும்தான் என்றேன்.

ராஜிக்கு இறங்கி வந்தார், ஆனால் பாதிக்குப் பாதி என்று நின்றார். நிலத்தை நேரில் போய்ப் பார்க்கலாம் என்று கூட்டிப்போனேன். கிழக்கே வாய்க்கால் தலைப்பு. மேற்கே போகப் போக மேடு. மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று வருஷா வருஷம் பேப்பர் பார்க்கிற காலத்தில், மடைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு குழி தள்ளியிருக்கிற இரண்டு குழிக்குச் சமம். அளவில் நமக்குக் கொஞ்சம் குறையட்டும், தலைமடைப் பக்கம் நமக்கு வேண்டும் என்றேன். அவர் வயல் இறங்காதவர், பத்திரத்தில் வருகிற எண்ணைப் பார்க்கிறவர். ஒத்துக்கொண்டார்.

கமலவல்லியிடம் உன் கை முறிந்ததையும் சொல்லிவிட்டேன். "சுளுக்குக்கு ஆறு வாரம் லெட்டர் எழுதாம இருப்பாராண்ணே? எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். வரப்பில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் அரிவாள் எண்ணப் போய்விட்டாள். நேற்று அறுப்பு இறங்கியது. தடுக்க யாரும் வரவில்லை.

மனசு மாறிவிட்டேன் என்று நினைக்காதே. அந்தப் பையனோடு நீ மலை ஏறுகிறாய் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சுக்குள் ஆணி இறங்குகிற மாதிரிதான் இருக்கிறது. அது என் பாடு. கை சேர்ந்ததும் ஓட்டு. காற்று அவன் சொல்கிறபடி அடி.

நேற்று மாலை முத்திரைத்தாளில் ராஜி எழுதி, மாமாவும், நீ கிளம்பும்போது கொடுத்துப் போன அதிகாரப் பத்திரத்தை வைத்து கமலவல்லியும் கையெழுத்துப் போட்டார்கள். நான் சாட்சி. ஷரத்துகள் இவை. தலைமடைப் பக்கம் இரண்டேகால் மா, கமலவல்லி பேரில் கிரயம், கைப்பணம் கிடையாது. மேற்கே இரண்டே முக்கால் மாவைக் குத்தகை நீங்கி ராவுத்தருக்கு விட்டுவிட வேண்டும். நிற்கிற சம்பா முழுக்க கமலவல்லிக்கு, இந்தப் பசலிக் குத்தகை நெல் மட்டும் வழக்கம்போல் அளக்க வேண்டும். பிப்ரவரி வாய்தாவில் மனுவை அவர் வாபஸ் வாங்குவார். பத்திரச் செலவு, பொய் சொன்னவன் தலையில். கடைசி ஷரத்தை மாமா வாயாலேயே சொன்னார்: ஜெக்கரியாவுக்கு நான் என் கைப்பட ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். எழுதிவிட்டேன், மூன்று பக்கம். இதே கவரில் தனியாக ஒட்டி வைத்திருக்கிறேன். அதை அவன் கையில் நீ கொடுக்க வேண்டும், பிரிக்கக் கூடாது, என்ன எழுதியிருக்கிறது என்று அவனைக் கேட்கவும் கூடாது. இது நான் சேர்த்த ஷரத்து. மாமா சம்மதித்துவிட்டார்.

காதர் மைதீன்